தங்கைக்கு வந்தது வீசிங் இல்லை

சிங்கப்பூரிலிருந்து 3 வார லீவில் கடலூர் போயிருந்தேன். திருப்பாதிரிப்புலியூர் வீட்டு மாடிக்கு எனக்குக் காபி எடுத்துவந்த தங்கை, பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். 34 வயதுதான். ராத்திரி 2 தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறதாம். பக்கத்து கிளினிக்கில் 2 வருஷமாக வீசிங் என்று சொல்லி, நெபுலைசரில் புகை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ எடுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாளே எக்கோ எடுத்தோம். மைட்ரல் வால்வு சுருக்கம். இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் கதவு அது; சுருங்கினால் ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கி மூச்சு வாங்கும். 4 முதல் 6 சதுர செ.மீ. வரை திறக்க வேண்டிய வால்வு, அவளுக்கு 0.9 தான் திறந்தது. ரிப்போர்ட்டோடு விடியற்காலை பஸ் பிடித்துப் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டு வீங்குச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அம்மாவுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. 10 வயதில் முழங்கால் வலித்தது, அது விட்டதும் கணுக்கால். வளர்கிற பிள்ளைக்கு வரும் வலி என்று தைலம் தேய்த்தோம். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியோடு சண்டைக்குக் கிளம்பும் உடம்பு, ஆள் தெரியாமல் தன் வால்வையே அடித்துவிடுகிறது. வால்வின் இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்ளப் பல வருஷம் ஆகும். பிறவிக் கோளாறு இல்லை என்று கேட்ட பிறகுதான் அம்மா அழுகையை நிறுத்தினார்.

லீவை இன்னும் 2 வாரம் நீட்டினேன். உணவுக்குழாய் வழியாக ஒரு எக்கோ எடுத்து, இதயத்துக்குள் ரத்தக்கட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். அப்புறம் பலூன் சிகிச்சை. நெஞ்சைத் திறக்கவில்லை. தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாகக் குழாயை மேலே ஏற்றி, வால்வுக்குள் பலூனைச் சில நொடி ஊதியதில் ஒட்டியிருந்த இதழ்கள் பிரிந்தன. அடுத்த எக்கோவில் 1.8. அன்று ராத்திரி தங்கை நிமிர்ந்து படுத்துத் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை அதோடு முடியவில்லை. மறுபடி அந்தக் காய்ச்சல் வந்தால் வால்வு இன்னும் கெடும். அதனால் 21 நாளுக்கு ஒருமுறை இடுப்பில் பெனிசிலின் ஊசி, 40 வயது வரையாவது. சிலருக்கு ஆயுள் முழுக்க. வலிக்கிற ஊசிதான். நன்றாகிவிட்டது என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர் என்று நர்ஸ் அக்கா சொன்னார்.

நான் கிளம்புவதற்குள் அம்மா தினக்காலண்டரில் நாளை எண்ணி எண்ணி, ஊசி போட வேண்டிய தாள்களின் மூலையை எல்லாம் மடித்து வைத்துவிட்டார்.