60 மில்லிமீட்டர் பேவர் பிளாக்: கிராமத்து வீட்டு முற்றத்துக்குச் சரிவருமா?

சரிவரும். ஆனால் மெஷினில் அழுத்தி வார்த்த கல்லையே வாங்குங்கள். ரப்பர் மோல்டில் ஊற்றி எடுக்கும் பளபளப்பான கல் ஈரத்தில் வழுக்கும். மேலே இருக்கும் வண்ணம் பெரும்பாலும் மெல்லிய அடுக்குதான், நாளடைவில் தேய்ந்துவிடலாம். ஒரு கல்லை உடைத்துப் பாருங்கள்: ஜல்லி சீராகப் பரவி, ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் வேண்டாம். டிராக்டர் வந்து போகும் முற்றமென்றால் 80 மில்லிமீட்டர்.

கான்கிரீட் தளத்தைவிட இது மேல் என்போம். பைப் உடைந்தால் நாலு கல்லைப் பெயர்த்து, வேலை முடிந்ததும் அதே கல்லைப் பதித்துக்கொள்ளலாம்.

இனி தண்ணீர். கல் அமுங்குகிறது, ஆடுகிறது என்ற புகார்களில் பெரும்பாலானவை கல்லின் குற்றமே இல்லை. மிதித்தால் இடுக்கில் சேற்றுநீர் பீச்சுகிறதா? அடியில் தண்ணீர் தேங்கி, மணல் கரைந்து வெளியேறுகிறது என்று அர்த்தம். கல்லுக்கு அடியில் கிரஷர் தூசி போட்டால் இதுதான் நடக்கும். அந்த மாவு ஈரத்தை விடவே விடாது. சலித்துக் கழுவிய பெருமணல் போடுங்கள், 1¼ அங்குலம் போதும்.

வாட்டம், அதாவது தண்ணீர் வடியும் சரிவு, 10 அடிக்கு 2 அங்குலம், சுவரிலிருந்து வெளிப்பக்கமாக. அதை மண்ணிலேயே வெட்டிவிட வேண்டும். மணலைக் கூட்டிக் குறைத்து வாட்டம் காட்டினால், மணல் கனமாக இருக்கும் பக்கம் முதலில் இறங்கும். கல்லின் மேல்மட்டம் வீட்டுத் தரையைவிட 6 அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் சுவரில் ஓதம் ஏறும். வடியும் தண்ணீர் உறிஞ்சுகுழிக்கோ தோட்டப் பாத்திக்கோ போகட்டும். கூரைத் தண்ணீர் கொட்டும் கோட்டில் கல் பதிக்காதீர்கள். ஓர் அடி அகலத்துக்குக் கூழாங்கல் நிரப்புங்கள். கல் இருந்தால், கொட்டும் தண்ணீரின் வீச்சு இடுக்கு மணலை அரித்துவிடும்.

100 சதுர அடிக்கு 20×10 சென்டிமீட்டர் கல், சேதாரம் சேர்த்துச் சுமார் 490. அடித்தளத்துக்கு 5 அங்குல ஜல்லிக்கலவை, இரண்டு அடுக்காக, ஒவ்வொன்றையும் தனித்தனியே திமிசு போட்டு இறுக்கி. களிமண் தரையென்றால் 8 அங்குலம், அதற்கும் கீழே ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி). துணி இல்லையென்றால் ஜல்லி கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணில் புதையும்.

செலவு மிச்சமென்று பலரும் விட்டுவிடுவது ஓரக்கட்டு. நாலு பக்கமும் கான்கிரீட்டில் ஊன்றிய கர்ப் கல் இல்லாவிட்டால் ஓரக் கற்கள் விலகும். பிறகு இடுக்குகள் வரிசையாக விரியும். பதித்ததும் காய்ந்த நைஸ் மணலை இடுக்குகளில் பெருக்கித் தள்ளி, காம்பாக்டர் (அதிர்ந்து அழுத்தும் மெஷின்) ஓட்டி, மறுபடி மணல் நிரப்புங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு முறை.