ஆனைமலை வாய்க்கா மேட்டுல கிராவல் பைக், ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுன அனுபவம்

கிராவல்னு சொன்னா நம்ம பக்கம் டிப்பர்ல கொண்டாந்து கொட்டுற செம்மண்ணுதான் எல்லாத்துக்கும் ஞாபகம் வரும், சைக்கிள்ல மண் தடத்துல ஓட்டறதுக்குன்னே அப்படி ஒரு வகை இருக்குன்னு சொன்னப்ப எங்கூட்டுலயே "மண்ணுல எதுக்கு ஓட்டோணும், ரோடு இல்லியா"ன்னுதான் கேட்டாங்க. ரோடு இருக்குங்க, அதுதான் பிரச்சனையே. நான் திருப்பூர், மூணு வருசமா ரோடு பைக், அதாவது தார் ரோட்டுக்கான சைக்கிள் ஓட்டறேன், தாராபுரம் ரோட்டுல வெடியால அஞ்சு மணிக்கு கெளம்புனாக்கூட திரும்பி வர்றப்ப கம்பெனி வேனும் லாரியும் தோள ஒரசிட்டு போகும், ஒருக்கா லாரிக் காத்துல ஹேண்டில் ஆடி ரோட்ட விட்டு எறங்கிட்டேன். அதுக்கப்புறம் எட்டாவது படிக்கிற எம்பொண்ணு "நானும் வர்றேன்ப்பா"ன்னு கேக்கறப்பல்லாம் ஏதாவது சாக்கு சொல்லி விட்டுட்டுத்தான் போயிருக்கேன். அவளையும் கூட்டிட்டு பயமில்லாம ஓட்ட ஒரு எடம் வேணும்னுதான் இங்க போனது.

கடைன்னு சொன்னா ஆனைமலைக்கு பக்கத்துல ஒரு தேங்கா களம், போர்டெல்லாம் கெடையாது, பழைய குடோன்ல பதினொரு சைக்கிள மாட்டி வெச்சிருக்காரு ஒரு அண்ணன். முழு நாளைக்கு 900 ரூபா, பாப்பா வண்டி 700, தடம் காட்ட கூட வர்றதுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் சேத்து தலைக்கு 350. ஹெல்மெட் அதுலயே அடக்கம்.

வண்டியப் பத்தி முதல்ல சொல்லிடறேன். பாக்க ரோடு பைக் மாதிரியே வளைஞ்ச ஹேண்டில்தான், ஆனா டயர் 42 எம்எம், என் ரோடு பைக்ல 25தான், அதுல 90 பிஎஸ்ஐக்கு மேல காத்தடிப்பேன், இவரு எனக்கு 35, பாப்பாவுக்கு 28தான் வெச்சு குடுத்தாரு, என்னடா இவ்ளோ கம்மியா இருக்குன்னு எனக்கு சந்தேகமாத்தான் இருந்துச்சு. மண்ணுல எறங்குனதுமே புரிஞ்சுபோச்சு, டயரு கல்ல அமுக்கிட்டு போகுது, கல்லு நம்ம கைய அடிக்கறதில்ல. முன்னாடி ஒரே பல்சக்கரம், பின்னாடி பத்து, அதனால பாப்பாவுக்கு கியர் கொழப்பமே வரல. டிஸ்க் பிரேக், ஈர மண்ணுலயும் நல்லா புடிக்குது. எம்டிபி, அதான் மலைல ஓட்டற சைக்கிள் எடுத்தா ஆகாதான்னு கேப்பீங்க, ஆகும், ஆனா அந்த வெயிட்ட 45 கி.மீ மிதிச்சா தொடை கழண்டுரும்.

இப்ப தடத்துக்கு வர்றேன், இதுக்குத்தான் நான் காசு குடுத்ததா நெனைக்கறேன். ஆழியாத்து பழைய ஆயக்கட்டுல, அதாவது பாசன நெலத்துல, காரப்பட்டி, பள்ளிவிளங்கால், அரியாபுரம், பெரியணை, வடக்கலூர்னு அஞ்சு வாய்க்கா இருக்கு, தென்னந்தோப்பு ஊருன்னு நெனச்ச எடத்துல நெல்லு வயலு பச்சப் பசேல்னு விரிஞ்சு கெடக்கறது இந்த தண்ணியாலதான். அந்த வாய்க்கா மேட்டு மேலயே மண் தடம் போகுது. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் வயலு, எதுத்தாப்புல ஆனைமலைத் தொடர் மேகத்த தலைல வெச்சுட்டு நிக்குது. ரெண்டு மணி நேரத்துல எங்களுக்கு எதுக்க வந்தது ஒரு டிராக்டரு, புல்லுக்கட்டோட ரெண்டு டிவிஎஸ் எக்ஸெல், அப்பறம் ஒரு ஆட்டுப்பட்டி, அவ்ளோதான். ஆடு வந்தா எறங்கி ஓரமா நிக்கோணும், நாய் தொரத்துனா மிதிக்கக் கூடாது, எறங்கி சைக்கிள நடுவுல வெச்சு நடந்தா அதுவே நின்னுக்கும்னு அண்ணன் கெளம்பறதுக்கு முன்னாடியே பாப்பாகிட்ட ஒக்காந்து சொன்னாரு. "பயப்படாதீங்க பாப்பா, இங்க நீங்கதான் வேகமான வண்டி"ன்னாரு. அவ மொகத்த பாக்கோணுமே.

வாய்க்கா முடிஞ்சு அடுத்த வாய்க்காவுக்கு மாற எல்லாரும் தார் ரோட்டத்தான் புடிப்பாங்க, இவரு இட்டேரில கூட்டிட்டு போறாரு. இட்டேரின்னா தெரியாதவங்களுக்கு, ரெண்டு தோட்டத்துக்கு நடுவுல ரெண்டு பக்கமும் வேலி வெச்ச வண்டித்தடம், கிளுவையும் கள்ளியும் பெரண்டையும் பின்னிக் கெடக்கும், ஆள் மட்டத்துக்கு மேல நெழலா இருக்கும். எங்க அமுச்சி, அம்மாவப் பெத்தவங்க ஊருல இப்படி ஒண்ணு இருந்துச்சு, லீவுக்குப் போனா நாள் பூரா அதுக்குள்ளதான் கெடப்போம், இப்ப வேலிய எடுத்துட்டு கம்பி போட்டு தார் ஊத்திட்டாங்க. இங்க அதே மாதிரி ஒண்ணுக்குள்ள நொழைஞ்சப்ப எனக்கு தொண்டை அடச்சுபோச்சு. பாப்பா "இது யாருப்பா போட்ட ரோடு"ன்னு கேட்டா, மாட்டு வண்டி போட்டதுன்னு சொன்னேன், சக்கரத் தடம் ரெண்டும் இன்னும் பள்ளமாவே இருக்கு. இதுல போறதுக்கு ரெண்டு பக்கத்து தோட்டக்காரங்ககிட்டயும் முன்னாடியே கேட்டு வெச்சிருக்காரு, நீங்க தனியா போறீங்கன்னாலும் தயவுசெஞ்சு கேட்டுட்டு போங்க.

சாப்பாடு ஒரு தோட்டத்துச் சாளைல, தோட்டத்து வீட்டத்தான் நாங்க அப்படி சொல்லுவோம். சந்தகையும் தேங்காப்பாலும், அப்பறம் சொம்புல மோரு. கூட பொம்பளப் புள்ளைகள கூட்டிட்டு போறவங்களுக்கு சொல்றேன், அந்த சாளைல சுத்தமான பாத்ரூம் இருக்கு, அந்தம்மா அவங்களாவே பாப்பாவ கூட்டிட்டு போய் காட்டுனாங்க. எம்பொண்ணோட போறப்ப எனக்கு மொதக் கவலையே அதுதான்.

காத்தப் பத்தி கண்டிப்பா தெரிஞ்சுக்கோங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற மேக்காத்து ஆனி ஆடில அடிக்கறது இருக்கே, அம்மி பறக்கும்னு சொல்றது சும்மா இல்ல. நாங்க போனது ஆடி கடைசி. காத்து ஏறுறதுக்கு முன்னாடி மேக்கால மிதிச்சு முடிச்சுட்டு, வெயில் ஏறுனப்பறம் காத்த முதுகுல வாங்கிட்டு கெழக்க திரும்பற மாதிரி தடம் போட்டிருந்தாரு, பாப்பா கடைசி 12 கி.மீ கிட்டத்தட்ட மிதிக்காமயே வந்தா. தடம் தெரிஞ்ச ஆளுக்கும் மேப் பாத்து போறதுக்கும் வித்தியாசம் இதுதான்.

கொறையும் சொல்லோணும். எனக்குக் குடுத்த வண்டி டியூப்லெஸ், டயருக்குள்ள சீலன்ட்னு பால் மாதிரி ஒண்ணு ஊத்துவாங்க, நெருஞ்சி முள்ளு குத்துனா அதுவே ஓட்டைய அடைச்சுக்கும். நம்மூர் வெயிலுக்கு அது ரெண்டு மூணு மாசத்துல காஞ்சுரும், ஊத்திட்டே இருக்கோணும். இதுல காஞ்சு தோலா கெடந்திருக்கு. முள்ளு குத்தி பின் டயர் மொத்தமா எறங்கிடுச்சு, பைல பம்ப் இருக்கு, மாத்து டியூப் இல்ல, அண்ணன் களத்துக்கு ஆள் அனுப்பி டியூப் வந்து சேர 50 நிமிசம். அவரு மன்னிப்பு கேட்டு என் வாடகைல பாதிய திருப்பிக் குடுத்தாரு, அது சரி, ஆனா வாடகைக்கு விடற வண்டில இது நடக்கக் கூடாதுங்க. வண்டி எடுக்கறப்ப டயர காதுக்கிட்ட வெச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள தண்ணிச் சத்தம் கேக்கோணும். பைல டியூப் இருக்கான்னும் பாத்துக்கோங்க.

ரெண்டாவது நாள் வண்டிய டெம்போல ஏத்திட்டு தளி பக்கம், திருமூர்த்தி அணை. அங்க மேடு பள்ளம் கொஞ்சம் ஜாஸ்தி, கல்லும் பெருசு, புதுசா ஓட்டறவங்க மொத நாள் தடத்தோட நிறுத்திக்கறது நல்லது. எனக்கு இது புடிச்சுது, பாப்பா ரெண்டு எடத்துல எறங்கித் தள்ளுனா. பிஏபி, அதான் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்துத் தண்ணி நாலு மண்டலமா பிரிச்சு மாத்தி மாத்தி விடறாங்கல்ல, அதனால எந்த கெளை வாய்க்கால தண்ணி ஓடும், எது காஞ்சு கெடக்கும்னு போறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க, தண்ணி ஓடற வாய்க்கா ஓரத்துல ஓட்டறதோட குளுமையே வேற.

சர்க்கார்பதில இருந்து திருமூர்த்திக்கு மலைய சுத்தி வர்ற காண்டூர் கால்வாய் 49 கி.மீ, படத்துல பாத்தா யாருக்கும் ஆசை வரும், நானும் கேட்டேன். அது புலிகள் காப்பகக் காட்டுக்குள்ள போகுது, யானை நடமாட்டம், எவ்ளோ குடுத்தாலும் போமாட்டேன்னு ஒரே பேச்சா சொல்லிட்டாரு. அதேமாதிரி மலையடிவாரத் தடத்துல சாயங்காலம் நாலு மணிக்கு மேல யாரையும் விடறதில்ல. இந்த ஒரு விசயத்துக்காகவே நான் திரும்ப இவருகிட்ட போவேன்.

அமாவாசை, வெள்ளிக்கெழம தவிர்த்துடுங்க, மாசாணியம்மன் கோயிலுக்கு வர்ற கூட்டத்துல ஆனைமலை ஊருக்குள்ள வண்டி நவுராது, களத்துக்குப் போய்ச் சேரவே நேரமாயிரும். வெடியால ஆறு மணிக்கு அங்க இருந்தீங்கன்னா சரியா இருக்கும். சின்னப் புள்ளைங்களுக்கு ஏத்த சைஸ்ல வண்டி ரெண்டுதான் வெச்சிருக்காரு, ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வெச்சுருங்க. புரட்டாசி ரெண்டாவது ஞாயித்துக்கெழமைக்கு அதுல ஒண்ண பாப்பாவே போன் பண்ணி சொல்லி வெச்சுட்டா.