பேரிங் ஹீட்டர்: ஒரு குறுவை, ஒரு சம்பா ஓட்டிப் பார்த்ததில்

நீடாமங்கலம் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வருவதில் பாதி ரைஸ் மில் வேலை. தை அறுப்பு தொடங்கிவிட்டால் உமி புளோயர் ஷாஃப்ட்டைத் தூக்கிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குக்கூட வந்து நிற்பார்கள். பேரிங்கைச் சூடாக்கி விரியவைத்து ஷாஃப்ட்டில் மாட்டுவதற்காக, போன குறுவைக்கு முன்னால் இந்த இண்டக்‌ஷன் ஹீட்டரை வாங்கினேன், சிங்கிள் ஃபேஸ், 3.6 கேவிஏ.

அதுவரை எண்ணெய்ச் சட்டிதான், அவசரம் என்றால் கேஸ் டார்ச். டார்ச்சில் ஒரு பக்கம் நீலம் பாரித்த பேரிங்கைப் போட்டு அனுப்பி, "புது பேரிங் சத்தம் போடுதே அண்ணே" என்று மில்காரர் திரும்பி வந்து நின்றதும் உண்டு.

இதில் நெருப்பே இல்லை. குறுக்குத் தண்டில் பேரிங்கை மாட்டி, சூடு பார்க்கும் ப்ரோபை உள் வளையத்தில் ஒட்டி, 110 டிகிரி வைத்தால் போதும். காயிலில் ஓடும் கரண்ட் பேரிங்குக்குள்ளேயே இன்னொரு கரண்டைக் கிளப்புகிறது, அந்தச் சூட்டில் பேரிங் விரிகிறது. 6310 நம்பர் பேரிங்குக்கு உள்விட்டம் 50 மி.மீ.; 30 டிகிரியிலிருந்து 110-க்குப் போனால் கிட்டத்தட்ட 0.05 மி.மீ. விரியும், நான் இறுக்கத்துக்கு ஷாஃப்ட்டைப் பெரிதாக விடுவது 0.02 தான். கையுறை போட்டு எடுத்து நீட்டினால் வழுக்கிக்கொண்டு போய் ஷாஃப்ட் தடிக்கிற இடமான ஸ்டெப்பில் 'டக்'கென்று உட்காருகிறது, சுத்தியலுக்கு வேலையே இல்லை. ஆனால் உடனே கையை எடுத்துவிடாதீர்கள். ஆறும்போது பேரிங் அகலத்திலும் சுருங்கி ஸ்டெப்பை விட்டு விலகும். முதல் பேரிங்கில் நான் ஏமாந்தேன், இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் தகடு சர்ரென்று உள்ளே போனது. இப்போதெல்லாம் குழாய்த்துண்டை வைத்து, பிடி இறுகும்வரை அழுத்திப் பிடிக்கிறோம்.

குறை என்றால், சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் சூடேற நேரம் இழுக்கிறது. பழைய பேரிங்கைக் கழற்ற இது உதவாது, அதற்குப் பிடித்து இழுக்கும் புல்லர்தான். சீல் வைத்த பேரிங்குக்கு 80 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம், உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டுவிடும். விற்றவர்கள் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று: சூடேறும்போது பேரிங்கில் காந்தமும் ஏறிவிடும், சூடு ஏறியதும் மெஷின் அந்தக் காந்தத்தை இறக்கும், அது முடியும்முன் பையன் அவசரமாக எடுத்துவிட்டான், பேரிங்கைச் சுற்றி இரும்புத்தூள் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது. போன் போட்டுக் கேட்டால் "ஒண்ணும் ஆகாது சார்" என்றார்கள். ஆகும் சார், அந்தத் தூள் உள்ளே போனால் பேரிங் காலி.

மாதம் இரண்டு பேரிங் போடுகிறவர்கள் எண்ணெய்ச் சட்டியோடு இருக்கலாம். வாரம் பத்து போடுகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். அப்புறம், பேஸ்மேக்கர் வைத்த முதலாளி ஒருவர் எங்களிடம் வருவார், அவரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுகிறோம்.