"மூன்றும் ஒற்றுமையாக இருக்கும்" என்று டிராகனெட் விற்கிறார்கள், கவனம்

கொழும்பில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களும் வைக்க ஆசைப்படுபவர்களும், அதிலும் மாண்டரின் மீனின் நீலத்தில் மனதைப் பறிகொடுத்தவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். காலி வீதிப் பக்கம் உள்ள ஒரு கடையில் எனக்கு மூன்று டிராகனெட் மீன்களை (மாண்டரின் சேர்ந்த சிறு கடல்மீன் குடும்பம்) விற்றார்கள். "சோடி" என்று சொல்லி இரண்டு பச்சை மாண்டரின், கூடவே ஒரு "ஸ்கூட்டர் பிளெனி". மாண்டரின் இரண்டும் செத்துவிட்டன. ஸ்கூட்டர் இப்போது தெஹிவளையில் ஒரு நண்பரின் தொட்டியில் பிழைத்துக் கிடக்கிறது.

வாங்கும் முன்பே என்னிடம் இருப்பது நாலடித் தொட்டி, ஏறக்குறைய 250 லீற்றர், உப்புநீர் ஊற்றி அதிக காலம் ஆகவில்லை என்று முதலாளியிடம் தெளிவாகச் சொன்னேன். "தாராளம் தங்கச்சி. வேறு வேறு இனம், சண்டையே பிடிக்காது" என்றார். இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் அதன் விஷம். மாண்டரினும் ஸ்கூட்டரும் பெரும்பாலும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. ஆனால் இரண்டும் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை பாறையைக் கொத்திக்கொண்டே திரிபவை. கொத்துவது கோப்பிபொட் எனப்படும் ஊசிமுனை அளவு உயிர்களை. ஒரு மாண்டரினுக்கே 280 லீற்றர் அளவில், பல மாதம் பழகி முதிர்ந்த, உயிர்ப்பாறை (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை) நிறைந்த தொட்டி வேண்டும் என்பார்கள் அனுபவசாலிகள். என் தொட்டியில் ஒன்றுக்கே தட்டுப்பாடு, இவர் மூன்றைக் கட்டிக் கொடுத்தார். பாறையில் இருந்த உயிர்களை மூன்றும் சேர்ந்து வழித்துத் தின்றுவிட்டன. அவை மறுபடி பெருகுவதற்கு அங்கே விதைக்குக்கூட எதுவும் மிஞ்சவில்லை.

ஸ்கூட்டரை "பிளெனி" என்று விற்பதும் தற்செயல் அல்ல. பிளெனி என்பது வேறு வகை மீன், இது பிளெனியே இல்லை. மாண்டரினின் அதே சின்கிரோபஸ் பேரினம், அதே பசி. உறவைச் சொன்னால் வாங்குபவர் யோசிப்பார் அல்லவா?

இனி சோடிக் கதை. மாண்டரின் ஆணுக்கு முதல் முதுகுச் செட்டையின் முன்முள் கொடிக்கம்பம் போல நீண்டிருக்கும், பெண்ணுக்கு அப்படி இராது. கடைத் தொட்டியில் ஒன்று அதை நிமிர்த்தியபடி உலாவியது. மற்றது மூலையில் செட்டையை மடக்கிக்கொண்டு ஒதுங்கிக் கிடந்தது. "அது பெண், வெட்கப்படுகிறது" என்றார் முதலாளி. வீட்டில் தொட்டி விளக்கு மங்கும் நேரத்தில் அந்த வெட்கக்காரியும் கொடியை உயர்த்தியது, முன்னதைப் போலவே நீளமாக. பிறகு பெரியது சின்னதன் செட்டையைக் கவ்விப் பாறையைச் சுற்றி இழுத்தது. தொலைபேசியில் சொன்னேன். "அது காதல் தங்கச்சி, பயப்படாதீர்கள்!" மாண்டரின் சோடி அந்தியில் கூடும்போது இரண்டும் பக்கத்தோடு பக்கம் ஒட்டி மெதுவாக மேலே எழும். கிழிந்த செட்டையோடு மணலில் கிடப்பதற்குப் பெயர் காதல் அல்ல.

எல்லாவற்றிலும் எனக்கு ஆத்திரம் ஊட்டியது உணவு விவகாரம். மாண்டரின் உறைந்த உணவு தின்னப் பழகியிருக்கிறதா என்பதுதான் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நானும் கேட்டேன். இந்த மீன் நம் கடலில் பிடிபடுவதில்லை. மேற்குப் பசிபிக்கில் பிடித்து, விமானத்தில் கட்டுநாயக்கவில் இறக்கி, கடைக்கு வந்து சேரும்போதே அது பட்டினியில்தான் இருக்கும். முதலாளி ஒரு சொட்டுக்குழாயில் செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ எடுத்து மீனின் முகத்தருகே விட்டார். டக்கென்று கொத்தியது. "பார்த்தீர்களா, ஐஸ் இறால்!" என்றார். வீட்டில் நான் பொதியில் இருந்து எடுத்து இளக்கிப் போட்ட உறைந்த இறாலை இரண்டு மாண்டரினும் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டன. ஸ்கூட்டர் மட்டும் தின்றது. அந்த இனம் சாதாரணமாகவே இதில் கொஞ்சம் இசைவானது.

பெரியது மெலியத் தொடங்கியதும் தெஹிவளை நண்பரை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி அதே வித்தையை ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கும் அவனுடைய அப்பாவுக்கும் காட்டிக்கொண்டிருந்தார். நண்பர் பேசாமல் கைபேசி வெளிச்சத்தைக் கண்ணாடியின் ஒரு மூலையில் பிடித்தார். சிதறிக் கிடந்த செம்மஞ்சள் துகள்கள் துடித்துத் துடித்து வெளிச்சத்தை நோக்கி நீந்தி வந்தன. செத்து உறைந்த இறால் எந்த ஊரில் நீந்துகிறது? அது அன்று பொரித்த, ஆட்டீமியா எனும் மிகச் சிறிய உப்புநீர் இறாலின் உயிருள்ள குஞ்சு. அசைகிற எதையும் பசித்த மாண்டரின் கொத்தும், அதை வைத்து உறைந்த உணவுக்குப் பழகியது என்று சொல்ல முடியாது. வெறும் ஆட்டீமியாவில் அதை நெடுங்காலம் காப்பாற்றவும் முடியாது. கேட்டதற்கு, "எங்களிடம் இரண்டும் இருக்கிறது" என்று சொட்டுக்குழாயை மேசைக்குக் கீழே வைத்துவிட்டார். அப்பாவும் மகனும் கோமாளி மீன் வாங்கிக்கொண்டு போனார்கள், அதுவரை நல்லது.

மாண்டரினைப் பக்கவாட்டில் பார்த்து நலம் என்று நம்பாதீர்கள். என்னுடையவை சாகும்வரை நிறம் துளியும் மங்கவில்லை. மேலேயிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் உடல் சட்டென்று ஒடுங்கியிருந்தாலும், வயிறு உள்ளே குழிந்திருந்தாலும், முதுகெலும்பு வரம்பு போலத் தெரிந்தாலும் அந்த மீனைத் தொடாதீர்கள். "இதற்கு வெள்ளைப்புள்ளி நோயே வராது" என்பதையும் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். செதில் இல்லாத தடித்த வழுவழுப்புத் தோல் ஓரளவு காக்கும், முழுக் கவசம் அல்ல.

பணம் திரும்பக் கேட்டபோது "உயிர்ப்பொருளுக்கு உத்தரவாதம் இல்லை" என்றார். என் கையில் இருந்த பற்றுச்சீட்டில் பேனாவால் எழுதியிருந்தது "மீன் 3" மட்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், உண்மைதான். ஆனால் எனக்கு விற்றது சோடி என்பதை இந்தத் துண்டுக் காகிதம் எப்படி நிரூபிக்கும்? ஆகவே இனத்தின் பெயர், ஆணா பெண்ணா, எந்த உணவு தின்பதாகச் சொன்னார் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். உறைந்த உணவுப் பொதியை உங்கள் கண்முன்னே வெட்டி, இளக்கிப் போடச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

டிராகனெட் இனங்களைச் சேர்த்து வளர்க்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. தெஹிவளை நண்பரின் தொட்டி பழையது, பெரியது. அடியில் பாசி வளர்க்கும் தனி அறை இருக்கிறது, கோப்பிபொட் அங்கே ஒளிந்து பெருகி மேலே வந்துகொண்டே இருக்கும். அங்கே ஒரு மாண்டரினும் என் ஸ்கூட்டரும் வயிறு உருண்டு திரிகின்றன. அவரும் புள்ளி மாண்டரின் ஆணைச் சேர்க்கத் துணியவில்லை. மிக நெருங்கிய இனம் என்பதால் பச்சை மாண்டரின் ஆணோடு மோதக்கூடும் என்கிறார்.

அந்தக் கடையில் இந்தக் கிழமை "ரூபி ரெட் டிராகனெட் வந்துவிட்டது, எல்லாம் தின்னும்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதுவும் சின்கிரோபஸ்தான்.