முழங்கையில் வளர்ந்த எலும்பு: துளை வழியா, திறந்தா?

கை முழுதாக மடங்கவில்லை, நீட்டவும் முடியவில்லை; கூடுதலாக வளர்ந்த எலும்பை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சரி, எந்த முறையில்? சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் துளை முறையா, கீறித் திறந்து செய்யும் திறந்த முறையா?

கீறல்: துளை முறையில் அரை சென்டிமீட்டர் அளவில் சில துளைகள். திறந்த முறையில் நீளமான தையல், வீக்கமும் கூடுதல்.

செலவு: கேமரா, தனிக்கருவிகள் என்று துளை முறைக்குப் பெரும்பாலும் கூடும்.

நரம்பு: இதைத்தான் முதலில் கேளுங்கள். முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீர் என்கிறதே, அந்த அல்நார் நரம்பு மூட்டின் உள்பக்கம் எலும்பை ஒட்டியே ஓடுகிறது. திறந்த முறையில் அதைக் கண்ணால் பார்த்து விலக்கிவைக்கலாம். துளை முறையில் கருவிக்கு மிக அருகில் இருக்கும். நன்றாகப் பழகிய கை வேண்டும்.

தேய்மானத்தால் மூட்டுக்குள் முளைத்த எலும்பு முட்கள், உதிர்ந்த துணுக்குகள் என்றால் துளை முறை நல்லது. எலும்பு முறிவு, தீக்காயம், தலைக்காயம் இவற்றுக்குப் பின் மூட்டைச் சுற்றிப் பாலம்போல் வளர்ந்திருந்தால், அதுவும் நரம்பைச் சூழ்ந்திருந்தால், என் தேர்வு திறந்த முறைதான். சுண்டுவிரல் மரத்துப்போனால் முன்பே சொல்லிவிடுங்கள்.

மறுபடி வளராமலிருக்கச் சிலருக்கு இன்டோமெதசின் என்ற வலி, வீக்கம் குறைக்கும் மாத்திரையோ ஒருமுறை கதிர்வீச்சோ தருவார்கள். அப்புறம் பிசியோதெரபி. முழுதாக நீட்டிய கையை 0 டிகிரி என்று கொண்டால், 30 முதல் 130 டிகிரி வரை அசைந்தாலே பெரும்பாலான அன்றாட வேலைகள் நடக்கும். அடிபட்ட முழங்கையை மட்டும் எண்ணெய் போட்டு அழுத்தி உருவ விடாதீர்கள்.