லோட்வாருக்குப் போன ஏழு பொதிகள்: கிருஷ்ணகிரியில் ஒரு பார்சல் கட்டும் கடை

கிருஷ்ணகிரியில் தலைமை அஞ்சலகத்துக்குப் போகும் வழியில், பெயர்ப்பலகை என்று தனியாக எதுவும் இல்லாமல், சுவரில் ‘ஜெராக்ஸ், லேமினேஷன், வெளிநாட்டுப் பார்சல் கட்டித் தரப்படும்’ என்று நீலச் சாயத்தில் எழுதியிருக்கும் ஒரு சிறு கடையைப் பற்றி எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளில் ஏழு பொதிகளை அங்கே கட்டி அனுப்பியிருக்கிறேன். ஏழும் என் தம்பிக்குப் போனவை. அவன் ஒரு கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த குரு. குருப்பட்டம் பெற்ற மறு ஆண்டே கென்யாவின் வடமேற்கில் உள்ள துர்கானா பகுதிக்கு, லோட்வார் நகரத்துக்கு அப்பால் உள்ள ஒரு மறைத்தளத்துக்கு (மறைப்பணி நடக்கும் இடத்துக்கு) அனுப்பப்பட்டவன். பட்டம் பெற்ற நாளிலிருந்து ஊரார் மட்டுமல்லாமல் அம்மாவும்கூட அவனை ‘அவர்’ என்றே சொல்கிறார். எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. இந்த மே மாதம் அவனுக்கு மாற்றல் வந்தது. அந்த நேரத்தில் இந்தக் கடையினர் எங்களுக்கு எப்படித் துணை நின்றார்கள் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்த ஏழுக்கும் முன்பு அனுப்பிய ஒரு பொதியை நாங்கள் இந்தக் கடையில் கட்டவில்லை. நகரத்தில் உள்ள வேறொரு கூரியர் முகவரிடம் கொடுத்தோம். கண்ணாடிப் பாட்டிலில் இருந்த ஆவக்காய் ஊறுகாயை அவர் மறுக்கவில்லை. வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்றும் உறுதி சொன்னார். கென்யாவில் அஞ்சல் வீடு தேடி வருவதில்லை என்பதும், அஞ்சலகத்தில் உள்ள அஞ்சல் பெட்டி எண்ணுக்கே எல்லாம் வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. தெருப் பெயர் இல்லாத ஊருக்குத் தெருப் பெயரை வரவழைத்து எழுதி அனுப்பிய அந்தப் பெட்டி எங்கே நின்றுபோனது என்பது கடைசிவரை தெரியவில்லை. அம்மா இரண்டு மாதம் காத்திருந்தார்.

அதன் பிறகுதான் பர்கூரில் என்னோடு பணியாற்றும் ஆசிரியை ஒருவர் இந்தக் கடையைச் சொன்னார். கடையில் கணவனும் மனைவியும் மட்டுமே இருக்கிறார்கள். நான் அவரை அண்ணா என்றும் அந்த அம்மையாரை அக்கா என்றும் அழைக்கிறேன். அவர்கள் என்னை டீச்சர் என்கிறார்கள். முதல் நாள் நான் பையைப் பிரித்து மேசை மேல் வைத்ததும் அண்ணன் எடையைப் பார்க்கவில்லை. “அங்கே ஃபாதரோட எத்தனை பேர் இருக்காங்க டீச்சர்?” என்றுதான் கேட்டார். இந்தக் கேள்வியின் அருமை எனக்கு அப்போது விளங்கவில்லை. துறவியிடம் தனக்கென்று ஒன்றும் இருப்பதில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 668ஆம் சட்டம், துறவி தன் உழைப்பால் பெறுவதும் சபையின் பெயரால் பெறுவதும் சபைக்கே உரியவை என்று சொல்கிறது. எனவே அம்மா தன் மகனுக்கென்று இடித்த பருப்புப்பொடி ஐந்து பேர் உட்காரும் பொது மேசைக்குத்தான் போகும். ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் வரும் அரைக் கிலோ பொடி, அதைப் பெறுகிறவனுக்குச் சங்கடத்தைத்தான் தரும். பல ஊர்களுக்குக் குருக்களின் வீட்டாரும் அருட்சகோதரிகளின் வீட்டாரும் கொண்டு வந்த பெட்டிகளைக் கட்டிய பழக்கத்தால் அவருக்கு இது தெரிந்திருந்தது. எலத்தகிரிப் பக்கத்திலிருந்து மட்டுமே எத்தனை குடும்பங்கள் அவரிடம் வருகின்றன என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இரண்டாவதாக, நாங்கள் கொண்டு போனவற்றில் பாதியை அவர் திருப்பித் தந்தார். ஊறுகாய் கூடாது, எண்ணெய் இருக்கும் எதுவும் கூடாது, பச்சைக் கறிவேப்பிலையும் விதைகளும் கூடவே கூடாது. அம்மா நான்கு கிலோ கேழ்வரகு மாவும் இரண்டு கிலோ புளியும் கொண்டு வந்திருந்தார். அவற்றை அனுப்பத் தடையில்லை என்றாலும், “அங்க கிடைக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புங்க, எடைக்குக் காசு கொடுக்கிறோம் இல்லையா” என்றார். அன்றிரவு தம்பியிடம் கேட்டபோது அவன் சிரித்தான். கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில் முதன்முதலில் பயிரானது. அங்கிருந்துதான் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நம் நாட்டுக்கு வந்தது. அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் அதன் பெயர் விம்பி; காலையில் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார்கள். புளியமரத்துக்கும் ஆப்பிரிக்காவே தாய்நிலம். சந்தையில் உக்வாஜு என்று கேட்டால் புளி கிடைக்கும். மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி, நிறம் ஒன்று தவிர, நம் களியேதான். முதல் நாள் இரவு மேசையில் அதைப் பார்த்தபோது வீட்டில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்ததாக அவன் சொன்னான். பிள்ளை என்ன சாப்பிடுகிறானோ என்று ஓராண்டாக ஏங்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்த ஒரு செய்தி எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை என்னால் எழுத முடியவில்லை. ஒரு பார்சல் கடைக்காரரின் கேள்வியால்தான் அந்தச் செய்தி எங்களுக்குக் கிடைத்தது.

பொதி கட்டும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொடிகளை இரட்டை உறையில் போட்டுச் சூட்டில் ஒட்டுகிறார்கள். அட்டைப்பெட்டியின் மேல் வெள்ளைத் துணி சுற்றி அக்கா கையால் தைக்கிறார். முகவரியைத் துணியின் மேல் ஒருமுறையும், துணி கிழிந்தாலும் இருக்கட்டும் என்று பெட்டியின் மேல் இன்னொருமுறையும் எழுதுகிறார்கள். சுங்கத்துக்கான படிவத்தில், 2 கிலோவுக்கு உட்பட்ட சிறு பொதிக்கு சிஎன் 22 என்றும் பெரிய பொதிக்கு சிஎன் 23 என்றும் வேறுபாடு உண்டு. ‘உணவுப் பொருள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் ‘உலர்த்திய மாங்காய்த் துண்டு, 500 கிராம்’ என்று ஒவ்வொன்றாக எழுதினால்தான் சுங்கத்தில் பெட்டியைப் பிரிக்காமல் விடும் வாய்ப்பு அதிகம் என்பது அவர் அனுபவம். ரசீதில் இரண்டு ஆங்கில எழுத்தும் ஒன்பது இலக்கமும் முடிவில் நம் நாட்டைக் குறிக்கும் ‘ஐஎன்’ என்ற எழுத்துகளுமாக இருக்கும் தட எண்ணைக் கைபேசியில் எப்படிப் பார்ப்பது என்பதை அம்மாவுக்கு அவர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். எங்கள் பொதிகள் ஐந்து வாரத்திலிருந்து ஒன்பது வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தன. கட்டும் கூலி பொதிக்கு 150 ரூபாய். அஞ்சல் கட்டணம் தனி.

குறைகளும் உண்டு. உட்கார இடமில்லை, வயதானவர்களை அழைத்துப் போனால் தெருவில்தான் நிற்க வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் கூட்டம் தாங்காது. கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேர வேண்டிய பொதியை அக்டோபர் தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என்பதை அவர்கள் சுவரில் எழுதி வைக்கலாம். முன்னறிவிப்பின்றி அடைத்திருக்கும் நாட்களும் உண்டு. ஒருமுறை பர்கூரிலிருந்து அரை நாள் விடுப்பு எடுத்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினேன்.

இனி மாற்றலைப் பற்றி.

மே மாதத் தொடக்கத்தில் ஏழாவது பொதியை அனுப்பினோம். மாங்காய் வற்றல், சாம்பார்ப் பொடி, தம்பியின் அளவுக்குத் தைத்த வெள்ளை அங்கி ஒன்று. ஒன்பது நாள் கழித்து இரவு அவன் அழைத்தான். சபைத் தலைமையிடமிருந்து கடிதம் வந்திருந்தது: ஒரு மாதத்துக்குள் மலாவி நாட்டின் தலைநகரான லிலோங்வேக்குப் போக வேண்டும். ஓராண்டு சுவாஹிலி படித்து, பிறகு துர்கானா மொழியில் தட்டுத்தடுமாறி மறையுரை ஆற்றத் தொடங்கி, ஆடு மேய்க்கும் சிறுவர்கள் தூரத்தில் கண்டதுமே ‘எஜோக்’ என்று கூவி வணக்கம் சொல்லும் அளவுக்கு அந்த மண்ணில் ஒருவனாகிவிட்ட நேரத்தில், இரண்டு மொழியையும் அங்கேயே விட்டுவிட்டுச் சிச்சேவா மொழியின் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். துறவிகள் எடுக்கும் கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாட்டின் (உறுதிமொழியின்) பொருள் இதுதான் என்று அவன் அமைதியாகவே சொன்னான். ஆனால் பேச்சின் நடுவே இரண்டு முறை நிறுத்தினான். அந்த நிறுத்தம் எனக்குப் புரிந்தது. வழியனுப்பும் முன்பே, அந்த மக்கள் உட்காரவும் படுக்கும்போது தலைக்கு வைத்துக்கொள்ளவும் பயன்படுத்தும் சிறு மர மணை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அவனிடம் கொடுத்துவிட்டாராம். விமானத்தில் 23 கிலோ பெட்டி ஒன்றில் மூன்று ஆண்டு வாழ்க்கையை அடக்க வேண்டும். அதில் அந்த மணைக்கு முதல் இடம் என்றான்.

அம்மா கேட்ட முதல் கேள்வி, “அப்போ பொதி?” என்பதே.

மறுநாள் பள்ளி முடிந்ததும் கடைக்குப் போனேன். அண்ணன் தம் நீளக் குறிப்பேட்டைத் திறந்து எங்கள் பக்கத்தை எடுத்தார். சர்வதேச அஞ்சல் விதியின்படி, பெறுபவர் கைக்குப் போகும்வரை பொதி அனுப்பியவருக்கே சொந்தம். திரும்பப் பெறவோ முகவரியை மாற்றவோ சிஎன் 17 என்ற படிவத்தில் நாம் கேட்கலாம். சேரும் நாட்டின் சட்டம் இடம் கொடுத்தால் செய்வார்கள். இவ்வளவையும் விளக்கிய பிறகு, படிவத்துக்குக் கை நீட்டாமல், தம் கடையில் கட்டிய முதல் பொதியின்போது தாம் வலியுறுத்தி எழுதவைத்த முகவரியைக் காட்டினார். அதில் முதல் வரியில் தம்பியின் பெயர் இல்லை. ‘இல்லத் தலைவர்’ என்றும் அஞ்சல் பெட்டி எண்ணும்தான் முதலில் இருந்தன. தம்பியின் பெயர் மூன்றாவது வரியில். “ஃபாதருங்களுக்கு மாத்தல் எப்ப வேணும்னாலும் வரும் டீச்சர். ஆள் மாறினாலும் பெட்டி எண் மாறாது, யாராவது வாங்கிக்குவாங்க” என்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாளை அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். மாற்றல் வரும் என்பதை நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

வீடு திரும்பும் பேருந்தில், இந்தியாவில் மறைப்பணி செய்த இயேசு சபைத் துறவி புனித சவேரியாரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையை ஒட்டிய ஒரு தீவில் இறந்தார். ரோமையில் இருந்த அவருடைய சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு அது தெரியாது. 1553 ஜூன் மாதத்தில், ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி அவருக்குக் கடிதம் எழுதினார். பெறுவதற்கு ஆளில்லாத மாற்றல் கடிதம் அது. எங்கள் பகுதிக்குப் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் வந்த காலத்திலும், பிரான்சில் இருந்த தாய்மார்கள் இப்படித்தான் முகவரியில் மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலேயே எழுதியிருப்பார்கள். 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயரே (பிஷப்பே) அச்சபையைச் சேர்ந்தவர்தான். அதிலிருந்து 1997இல் பிரிந்த தருமபுரி மறைமாவட்டத்தின் பிள்ளைகள் இன்று வெளியே போகிறார்கள். காத்திருக்கும் தாய்மார்கள் இப்போது இங்கே இருக்கிறார்கள்.

தம்பியிடம் கேட்டோம். பொதியைத் திருப்ப வேண்டாம், லோட்வாருக்கே போகட்டும் என்றான். அங்கே நால்வர் இருக்கிறார்கள், ஐந்தாவதாக ஒருவர் வரப்போகிறார். அம்மாவுக்கு அங்கியை விட்டுக்கொடுக்கத்தான் மனமில்லை. அவன் புறப்பட்டுப் பன்னிரண்டு நாள் கழித்துப் பொதி போய்ச் சேர்ந்தது. அவனுடைய இடத்துக்கு வந்தவர் கேரளத்தைச் சேர்ந்த இளம் குரு. அங்கியை அணிந்து அவர் எடுத்த படத்தை எங்களுக்கு அனுப்பியிருந்தார். கை ஒரு விரற்கடை நீளம், மற்றபடி பொருந்தியிருந்தது. அம்மா அந்தப் படத்தை அண்ணனிடமும் அக்காவிடமும் கொண்டுபோய்க் காட்டினார். கையை மடித்துத் தைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார் அக்கா.

லிலோங்வேயின் அஞ்சல் பெட்டி எண்ணை அண்ணன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார், அதே வரிசையில்: இல்லத் தலைவர், பெட்டி எண், பிறகு பெயர். மலாவிக்குக் கடற்கரை கிடையாது; கப்பல் அஞ்சல் வேறு நாட்டுத் துறைமுகம் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் வான்வழியே நல்லது என்றார். நமக்கும் கென்யாவுக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு, மலாவிக்கு மூன்றரை. அதனால் அவன் அழைக்கும் நேரத்தில் அம்மா தூக்கத்தை இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போட வேண்டியிருக்கிறது. அங்கேயும் மக்காச்சோளக் களிதான், பெயர் ந்சிமா. எட்டாவது பொதி ஆகஸ்டு இறுதியில். இந்த முறை மாவும் புளியும் இல்லை. மாங்காய் வற்றலும் பருப்புப்பொடியும் மட்டும். அந்த இல்லத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்று கேட்டு வைத்திருக்கிறோம்.