விக்கிப்பீடியாவா, பிரிட்டானிக்காவா: எதை எதற்கு நம்பலாம்?

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய விக்கிப்பீடியாவையும், ஆசிரியர் குழு நடத்தும் ஆங்கிலக் கலைக்களஞ்சியமான பிரிட்டானிக்காவையும் ஒப்பிடும் பேச்சு வந்தாலே, 2005 டிசம்பரில் 'நேச்சர்' அறிவியல் இதழ் வெளியிட்ட ஆய்வைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். 42 அறிவியல் தலைப்புகளில் இரு தரப்புக் கட்டுரைகளையும், எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல், துறை வல்லுநர்களிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னார்கள். விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிக்காவில் 123. கட்டுரைக்குச் சராசரியாக நான்கும் மூன்றும். பெரிய பிழைகள் என்று பார்த்தால் இரண்டிலும் நான்கு நான்குதான். பிரிட்டானிக்கா அடுத்த மார்ச்சில் காரசாரமாக மறுப்பு வெளியிட்டது, நேச்சர் பின்வாங்கவில்லை.

இதை வைத்து 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று முடிவுகட்டுவது அவசரம். சோதித்தது அறிவியலை மட்டுமே. அந்தக் கட்டுரைகளைப் படிக்கவும் திருத்தவும் விஷயம் தெரிந்த பலர் வருவார்கள். ஆய்வு வெளியாவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு வேறொரு செய்தி வந்தது. ஜான் சீகெந்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில், அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி, அவர் தம்பி ராபர்ட் இருவரின் கொலையிலும் அவருக்குத் தொடர்பு இருந்ததாகக் கருதப்பட்டது என்று யாரோ எழுதிவைத்திருந்தார்கள். அந்த அப்பட்டமான பொய் நான்கு மாதத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம். கண்ணில் பட்டவர் இல்லை. அதன் பிறகுதான், கணக்கு இல்லாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரை தொடங்குவதை நிறுத்தினார்கள்.

பிரிட்டானிக்காவில் இப்படி நடப்பது கடினம். எழுதுபவருக்கும் வாசகருக்கும் நடுவே சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஆனால் அங்கே இருக்கும் தலைப்புகள் குறைவு. 2020 ஜனவரியிலேயே ஆங்கில விக்கிப்பீடியா 60 லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. பிரிட்டானிக்கா அதன் அருகில்கூட இல்லை.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். இயற்பியல், கணிதம், நோய்கள், பெரிய போர்கள் என்றால் ஆங்கில விக்கிப்பீடியாவையே முதலில் திறப்பேன். அதிகம் பேசப்படாத மனிதரின் வாழ்க்கை என்றால், பிரிட்டானிக்காவில் கட்டுரை இருந்தால் அதுதான் முதலில்.

உண்மையில் என்னைக் கவலைப்பட வைப்பது சிறிய மொழிகளின் விக்கிப்பீடியாக்கள். ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்கச் சிறுவன் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதிக் குவித்திருந்தது 2020இல்தான் வெளியே தெரிந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தடுத்துச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். குரோவேஷிய விக்கிப்பீடியாவின் கதை இதைவிட மோசம். ஒரே சார்புடைய சிறு குழு நிர்வாகிகளாக அமர்ந்து, வரலாற்றைத் தங்கள் அரசியலுக்கு ஏற்றபடி பல ஆண்டுகள் வளைத்தது.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதைக் கட்டிக்காப்பவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. கூகுள் ஏற்பாட்டில் மொழிபெயர்ப்புக் கட்டுரைகள் வந்து குவிந்தபோது, அவற்றின் தரத்தைத் தட்டிக்கேட்டவர்கள் அவர்கள்தான். இருந்தாலும் கைகள் குறைவு. மறுபக்கம், பெரியசாமி தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம் இருக்கிறது. துறை அறிந்தவர்கள் எழுதியது, தமிழும் அருமை. ஆனால் அறிவியல் அந்தக் காலத்தோடு நின்றுவிட்டது. சங்க இலக்கியம், கோயில், இசை பற்றி அறிய இன்றும் அதைத் தயங்காமல் எடுக்கலாம். மற்றதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போங்கள். அப்புறம், மேலே 'வரலாற்றைக் காட்டவும்' என்று இருப்பதை அழுத்தி, கட்டுரையை யார் எப்போது திருத்தினார்கள் என்று பாருங்கள். ஒரே ஆள் எழுதி, ஆண்டுக்கணக்கில் வேறு யாரும் தொடாத கட்டுரை என்றால், அடியில் கொடுத்திருக்கும் மேற்கோள்களைத் திறந்து பார்க்காமல் எதையும் எடுத்தாள வேண்டாம்.